கொரியாக்காரங்க நம்மள மாதிரிதான் பேசறாங்க, டப்பிங்லதான் யாரோ மாதிரி பேசறாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் தண்டையார்பேட்டைல வீட்லயே பிளவுஸ் தைக்கறவ. போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒரு பெரியவரு எழுதியிருந்தாரு, கொரியன் சீரியல பாத்து பாத்து வயசுப்பொண்ணுங்க எல்லாம் கெட்டுப்போகுதுங்க, நம்ம பண்பாடே போச்சுன்னு. அத படிச்சுட்டு மிஷின நிறுத்திட்டு சிரிச்சேன். எங்க வீட்ல கொரியன் சீரியல் பாக்கறது மூணு பேரு, எம்பொண்ணுக்கு 19 வயசு, எனக்கு 46, எங்கம்மாவுக்கு 71, இதுல மொதல்ல கெட்டது யாருன்னு கேட்டீங்கன்னா எங்கம்மாதான்.

அது 2014 வாக்குல. புதுயுகம் டிவில கொரியன் தொடருங்கள தமிழ்ல பேசவச்சு போட்டாங்க, ஞாபகம் இருக்கும். அதுல பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்னு ஒண்ணு, கொரியால 2009-ல வந்தது, ஒரு லாண்ட்ரிக்கட பொண்ணு பணக்காரப் பசங்க படிக்கற ஸ்கூலுக்குப் போயி அங்க கீற ஒரு சுருட்டமுடிக்காரனோட மல்லுக்கட்டற கத. லாண்ட்ரிக்கடன்னதும் எங்கம்மாவுக்கு பக்கத்து வீட்டு சமாச்சாரம் மாதிரி ஆயிடுச்சு, வண்ணாரப்பேட்டைல பொறந்து வளந்தவங்க, கேக்கணுமா. யாராச்சும் தைக்கக் குடுத்த துணிய வாங்க வந்தாக்கூட "கொஞ்சம் குந்தும்மா, சுருட்டமுடி வந்துகீறான், அவன பாத்துட்டு எடுத்துத் தரேன்"னுவாங்க. அந்தப் பையன் பேரு இன்னிக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது, சுருட்டமுடிதான்.

அதனால கெட்டுப்போற பஞ்சாயத்துக்கு நான் வரல. எனக்கு கொரியன் சீரியல் மேல ஒரே ஒரு பெரிய கொற இருக்குது, அது அந்த டப்பிங். அத சொல்லத்தான் இந்த லெட்டரு. நான் பேசற மாதிரியேதான் எழுதறேன், தயவுசெஞ்சு திருத்திப் போட்டுடாதீங்க, திருத்துனீங்கன்னா நான் எதுக்கு எழுதுனேனோ அதுவே போயிடும்.

படிச்சவங்க என்ன சொல்றாங்க, டப்பிங்ல பாக்காதீங்க, கொரியன்லயே விட்டுட்டு கீழ எழுத்து போட்டுப் பாருங்க அப்பதான் ருசிம்பாங்க. சரிதான், ஒத்துக்கறேன். ஆனா எங்கண்ணு ஊசி மேல கீதே, அத என்ன பண்றது? நான் நூல்கண்டு டப்பா மேல போன சாச்சு வச்சுட்டு தைக்கறேன், லைனிங் வச்சு கழுத்து திருப்பறப்ப ஒரு செகண்டு கண்ண எடுத்தாலும் வளைவு கோணிக்கும். ஒருதடவ எழுத்த படிச்சுடலாம்னு ஆசப்பட்டு, சீன் வேற முக்கியமான சீன், கைக்குழி வெட்டிகினே ஓரக்கண்ணால படிக்கப்போயி கத்திரி அரை இஞ்சு உள்ள போயிடுச்சு. கல்யாணப்பொண்ணு பட்டு பிளவுஸு அது. அந்த சேலைல வந்த பிட்டு, வேற துணியும் கெடையாது. எம்.சி.ரோடு பூரா கடகடயா ஏறி எறங்கி அதே மாந்துளிர் கலர்ல துணி தேடி அக்குள்ள ஒட்டு போட்டு மேல ஆரி ஒர்க் வச்சு மறச்சுக் குடுத்தேன், அந்தப் பொண்ணு ஐய்யோ டிசைன் சூப்பரா இருக்குதுக்கான்னுச்சு, எனக்கு உள்ளுக்குள்ள வேர்த்துடுச்சு. அன்னியோட எழுத்து படிக்கறத விட்டுட்டேன். எனக்கு மட்டும் இல்ல, மீன் ஆயறவங்க, பூ கட்டறவங்க, ராத்திரி மாவு அரைக்கறவங்க, கையும் கண்ணும் வேலைல கீறவங்க எல்லாருமே டிவிய காதாலதான் பாக்கறோம். எங்களுக்கு டப்பிங் இல்லன்னா ஒண்ணுமே இல்ல.

அந்த டப்பிங் எப்படி இருக்குது தெரியுங்களா. புருசங்காரன் குடிச்சுட்டு நடுராத்திரி வரான், பொண்டாட்டி கதவ தெறக்கறா, கொரியன்ல அவ தொண்டகிழிய கத்தறா, தமிழ்ல என்ன வருதுன்னா "நீ ஏன் இவ்வளவு தாமதமாக வந்தாய், உனக்கு சிறிதும் பொறுப்பே இல்லையா"ங்குது. எந்த ஊட்லங்க இப்படி கேக்கறாங்க? நான் கேட்டுருந்தா எங்க வீட்டுக்காரரு போதையே எறங்கி ஓடியிருப்பாரு. இதுல "ஓ கடவுளே"ன்னு வேற. அவங்க வாயில நல்லா "அய்கோ"ன்னு வருது, நம்ம ஐயோ மாதிரியே, அத எடுத்துட்டு ஓ கடவுளேன்னு வச்சுருக்காங்க. இங்கிலீஷ்ல எழுதிவச்சத பாத்து தமிழ்ல பேத்துருக்காங்கன்னு கேட்டாலே தெரியுது, கொரியாலேந்து தண்டையார்பேட்டைக்கு வர்றதுக்கு இங்கிலாந்து வழியா சுத்திகினு வந்தா இப்படித்தான் ஆகும்.

ஏன் சொல்றேன்னா கொரியன் பேச்சு நம்ம பேச்சு மாதிரியேதான் போகுது. எம்பொண்ணு யூடியூப் பாத்து கொஞ்சம் கத்துகினுகீறா, அவதான் சொன்னா, அவங்களுக்கும் வினை கடைசிலதான் வருமாம், "நான் சோறு சாப்ட்டேன்"னு நம்ம அடுக்கற மாதிரியேதான் அடுக்குவாங்களாம். அப்பாவ அப்பான்னுதான் கூப்புடறாங்க, அம்மாவ ஒம்மாங்கறாங்க. அத மொதல்ல கேட்ட அன்னிக்கு எங்கம்மா "யாரோ நம்மாளுங்கதாண்டி கப்பல் ஏறிப் போயிகீறாங்க"ன்னு முடிவே பண்ணிட்டாங்க. நூறு வருசத்துக்கு முன்னாடியே ஹல்பர்ட்னு ஒரு அமெரிக்காக்காரரு கொரியனையும் நம்ம திராவிட பாஷைங்களையும் ஒப்பிட்டு எழுதிகீறாராம், ஆனா இப்ப மொழி ஆராய்ச்சி பண்றவங்க ரெண்டும் சொந்தம்னு ஒத்துக்கறதில்லன்னும் பொண்ணு சொன்னா. அது எங்கம்மா காதுல ஏறல, ஏறவும் வேணாம்னு விட்டுட்டேன்.

சொந்தமோ இல்லியோ, மரியாத வைக்கறதுல ரெண்டு பேரும் ஒரே ரகம். நம்மகிட்ட நீ, நீங்க இருக்கற மாதிரி அவங்ககிட்டயும் மரியாதப் பேச்சு தனி, சும்மா பேச்சு தனி. ஒரு பொண்ணும் பையனும் நாலு எபிசோடு நீங்க வாங்க போங்கன்னு பேசிகினு இருந்துட்டு அஞ்சாவதுல ஒருத்தரு நீன்னு ஆரம்பிச்சா அதுவே ஒரு சீனு, அதுக்கு பின்னாடி மியூசிக் வேற போடுவாங்க. இங்கிலீஷ்ல ரெண்டுத்துக்கும் ஒரே வார்த்ததான், அதனால அங்க அது காணாமப் போயிடுது, சரி அவங்ககிட்ட இல்ல, போவட்டும். தமிழ்ல இருக்குதே! இருந்தும் மொத எபிசோட்ல பஸ் ஸ்டாண்டுல மொகம் தெரியாத ஆள பாத்தே "நீ யார்"னு ஆரம்பிச்சுடறாங்க. அப்பால அஞ்சாவது எபிசோட்ல எதுக்கு மியூசிக் போடறான்னு எனக்கு எப்படி புரியும்.

முறவெச்சு கூப்புடறதும் அப்படித்தான். கொரியால வயசுல மூத்தவங்கள பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க, பொண்ணுங்க அண்ணன ஒப்பாம்பாங்க அக்காவ ஒன்னிம்பாங்க, பையனுங்க அண்ணன ஹ்யோங்குவாங்க அக்காவ நூனாம்பாங்க. காதுல ஒப்பான்னு கேக்குது, டப்பிங்ல பேரச் சொல்லிக் கூப்புடறா. ஒரு விஷயம் ஒத்துக்கறேன், இந்த ஒப்பா கொஞ்சம் சிக்கல்தான், கட்டிக்கப்போறவனையும் அவளுங்க ஒப்பாங்கறாளுங்க, அத அண்ணான்னு தமிழ்ல போட்டா கத கந்தலாயிடும். ஆனா அதுக்குத்தான் நம்மகிட்ட மாமான்னு ஒரு வார்த்த சொக்கத் தங்கமா கீதே, யாருக்கும் தோணலியா.

ஸ்க்விட் கேம் 2021-ல வந்தப்ப எங்க சந்துல ஆம்பளைங்களும் பாத்தாங்க, அது தமிழ்லயும் வந்துச்சு. 456 பேரு ஆட்டம் ஆடணும், ஜெயிச்சா 4560 கோடி வொன் பணம், தோத்தா உசுரு போயிடும். அதுல அலின்னு ஒரு பாகிஸ்தான்காரத் தம்பி, நடிச்சவரு நம்ம டெல்லிக்காரரு அனுபம் திரிபாதி, அவன் கூட கீற படிச்ச ஆள மொதலாளி மொதலாளின்னு கூப்புட்டுகினே இருப்பான், அந்த ஆளு ஒருநாள் இனிமே என்ன ஹ்யோங்னு கூப்புடும்பான். அந்தப் பையன் மொகத்த பாக்கணும். அடுத்தாப்ல கோலி ஆட்டத்துல அவனயே ஏமாத்தி சாவ விட்டுட்டுப் போவான் அந்த ஆளு. இங்கிலீஷ் எழுத்துல அந்த ஹ்யோங் வெறும் பேராப் போயிடுதுன்னு பொண்ணு சொன்னா. கோலிய தோத்தது பெருசில்லீங்க, அண்ணேன்னு கூப்புட்டானே, கூப்புட வச்சவனே கழுத்தறுத்தானே, அதுதான் வவுத்த கலக்குது. இத தமிழ்க்காரனுக்கு பாடம் எடுத்தா சொல்லணும்?

இப்ப எங்க வீட்ல என்ன நடக்குதுன்னா ராத்திரி ஒம்போதுக்கு மேல பொண்ணு எழுத்தப் படிச்சு படிச்சு எங்களுக்கு தமிழ்ல சொல்லுவா. நான் ஹூக் கட்டிகினு இருப்பேன், அம்மா கட்டில்ல. போன வருசம் மார்ச்ல, 2025-ல, ஜேஜூ தீவுல நடக்கற ஒரு கத வந்துச்சு, 16 எபிசோடு, வாரத்துக்கு நாலா நாலு வாரம் விட்டாங்க, இங்கிலீஷ்ல வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்னு பேரு. ஏசுன்ங்கற ஒரு பொண்ணு, அவங்கம்மா கடலுக்குள்ள மூச்சடக்கி மூழ்கி சிப்பி எடுக்கறவங்க. அந்த ஊர்ல பொம்பளைங்க பரம்பரையா செய்யற தொழிலு அது, 2016-ல யுனெஸ்கோவே அதுக்கு அங்கீகாரம் குடுத்துச்சு. அந்தப் பொண்ண சின்ன வயசுலேந்து சுத்திச்சுத்தி வரவன் குவான்ஷிக், மீன் யாவாரக் குடும்பத்துப் பையன், வாயே பேச மாட்டான். கட்டிகினு போனப்புறம் ஒரு சீனு. அவன் வீட்ல ஆம்பளைங்களுக்கு ஒரு மேச, பொம்பளைங்களுக்கு தனியா ஒரு மேச, குட்ட மேச, தரைல உக்காந்து துண்றாங்க. மாமியா வீட்டு சோறு எப்படி எறங்கும் அந்தப் பொண்ணுக்கு, ஏதோ ஏதோ பேசறாங்க அவள. இவன் ஒண்ணும் பேசல. இருந்த எடத்துலயே அப்படியே உடம்ப திருப்பி ஆம்பளைங்களுக்கு முதுகு காட்டி பொண்டாட்டி மேசய பாத்து உக்காந்துக்கறான். அவ்ளோதான் சீனு. எம்பொண்ணு படிச்சுகினே வந்தவ அந்த எடத்துல சும்மா இருந்துட்டா, எழுத்து ஒண்ணும் இல்ல போல. எங்கம்மா மட்டும் "ஒங்கப்பன் ஒருநாள் திரும்பலியேடி"ன்னாங்க. எங்கப்பா போயி 11 வருசம் ஆகுது, மில்லு மூடுனப்புறம் ஆறு மாசம் சுவத்த பாத்தே உக்காந்திருந்த மனுசன், கெட்டவரு இல்ல, திரும்ப தெரியல அவருக்கு. நான் கையில கீற ஹூக்க கீழ போட்டுட்டு தேடிகினு இருந்தேன்.

அந்தக் கதைக்கு கொரியன்ல வச்ச பேரு வேறயாம். ஜேஜூ ஊரு பாஷைல, "ரொம்ப பாடுபட்டுட்டீங்க"ன்னு அர்த்தம் வர மாதிரி வச்சுருக்காங்களாம். அத தலைநகரம் சியோல்ல கீறவங்க கேட்டா "நல்லா ஏமாந்துட்டீங்க"ன்னு அர்த்தம் எடுத்துப்பாங்களாம், அந்தளவுக்கு வேற மாதிரி பேச்சு. அவங்க நாட்டுக்காரனுக்கே வெளங்காத ஒரு தீவு பாஷைய தூக்கி நாடே பாக்கற கதைக்கு தலைப்பா வச்சுகீறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். எங்க பாஷைக்கு இங்க என்ன மரியாத? சினிமால இன்னா நைனாங்கறவன் கைல கத்தி இருக்கும், இல்லன்னா காமெடியனா இருப்பான். டப்பிங்லயும் அதேதான், ஹீரோ ஹீரோயின் எல்லாம் செய்தி வாசிக்கற தமிழு, அடிக்க வர்ற அடியாளுக்கு மட்டும் "இன்னாடா"ன்னு மெட்ராஸ் பாஷ. கொரியாவுல போயிகூட எங்காளுதான் ரவுடியா?

இதுல வேடிக்க என்னன்னா சியோல்லயும் ஒரு வட சென்னை கீது. ஊருக்கு நடுவுல ஹான்னு ஒரு ஆறு ஓடுது. கங்னம் கங்னம்னு பாட்டெல்லாம் வந்துச்சே, கங்னா ஆறு, நம்னா தெக்கு, ஆத்துக்குத் தெக்கன்னு அர்த்தமாம், பெரிய ஆபீசு, காஸ்ட்லி பிளாட்டு, பேர்போன டியூஷன் சென்டருங்க எல்லாம் அங்க. வடக்க பழைய ஊரு, சந்து, மார்க்கெட்டு. அந்த வடக்குல சங்முன்தோங்னு ஒரு ஏரியா. ஸ்க்விட் கேம் ஹீரோ கிஹுனும், அலிய ஏமாத்துனானே அவனும் அந்த ஏரியாதான், ஒருத்தன் அம்மா தெருவுல உக்காந்து யாவாரம் பண்றாங்க, இன்னொருத்தன் அம்மா மீன்கட. ரிப்ளை 1988-ன்னு 2015-ல வந்த ஒரு கத, அதுவும் அதே சங்முன்தோங்ல ஒரு சந்துல கீற அஞ்சு குடும்பத்து கத. இப்ப நாங்க பாத்துகினுகீறது அதுதான், எங்கம்மா இதுதான் எல்லாத்தயும் விட நல்லா கீதுங்கறாங்க.

எப்படி நல்லா இல்லாம போவும். ஒரு வீட்ல கொழம்பு வச்சா ஒரு கிண்ணம் எதுத்த வீட்டுக்குப் போகுது, அந்தக் கிண்ணம் காலியா திரும்ப வராது, வேற எதாச்சும் வச்சுதான் வரும், சோறு எடுத்துனு போன புள்ளைங்க நடுவழில ஒண்ணோட ஒண்ணு முட்டிக்குதுங்க. சாயங்காலம் மூணு பொம்பளைங்க வாசல்ல பலகைல குந்திகினு கீர ஆஞ்சுகினே ஊரு வம்பு பேசறாங்க. அதுல ஒரு வீட்டு அப்பா பேங்க்ல வேல பாக்கறாரு, ஆனா யாருக்கோ ஜாமீன் கையெழுத்து போட்டு சம்பளம் பூரா கடனுக்கே போவுது, குடும்பமே பாதி தரைக்குள்ள எறங்குன வீட்ல கீது. நடுப்பொண்ணு பொறந்தநாளுக்கு தனி கேக் கெடையாது, அக்கா பொறந்தநாளு ரெண்டு மூணு நாளு முன்னாடியாம், அதே கேக்ல மெழுகுவத்திய புடுங்கிட்டு மறுபடி நட்டு ஊதச் சொல்றாங்க, அந்தப் பொண்ணு ஓன்னு அழுவுது. நானும் நடுப்பொண்ணுதான். எனக்கு கேக்கே கெடையாது, தீபாவளிக்கு அக்கா பாவாடைய மடிப்பு பிரிச்சு குடுப்பாங்க. அந்த சந்துல நடக்கறது அத்தினியும் எங்க சந்துல நடக்குது, பாஷைதான் வேறன்னு எங்கம்மா சொல்றாங்க, இதுக்குப் போயி "அன்னையே உணவு தயாரா"ன்னு டப்பிங் வச்சா ஒதைக்கணும்.

எல்லாமே நல்லா கீதுன்னு சொல்லல. கைய புடிச்சு தரதரன்னு இழுத்துனு போறதெல்லாம் லவ்வுன்னு காட்டுனாங்க அந்தக் காலத்து சீரியல்ல, அது ஆகாது. பணக்காரப் பையனோட அம்மா கவர்ல பணம் போட்டு "எம்புள்ளய விட்டுடு"ன்னு குடுப்பாங்க, அப்பால தண்ணிய மூஞ்சில ஊத்துவாங்க, இது எத்தினி தடவ. திடீர்னு எல்லாரும் ஒரே கடைல சாண்ட்விச் துண்ணுவாங்க, அது விளம்பரம்னு எங்கம்மாவே கண்டுபுடிச்சுட்டாங்க. இவ்ளோ லவ் எடுக்கறாங்களே, அந்த ஊர்ல கல்யாணம் பண்ணிக்கறவங்களும் புள்ள பெத்துக்கறவங்களும் கம்மியாயிட்டாங்க, 2023-ல ஒரு பொம்பளைக்கு கணக்கு 0.72 புள்ளதான், உலக நாடுங்கள்லயே கம்மி. அந்தப் பெரியவரு பண்பாட்டுக் கவலைய அங்க போயி பட்டா பிரயோஜனமா இருக்கும். அந்த ஊரு காரநூடுல்ஸ் வேற ஒண்ணு, நூறு ரூவாய்க்கு மேல குடுத்து பொண்ணு வாங்கினு வந்தா, 2024-ல டென்மார்க்ல காரம் தாங்கலன்னு கடைலேந்து திரும்ப எடுக்க வச்சாங்களாம். எங்கம்மா ஒரு வாயி துண்ணுட்டு "இனிச்சுகினு கீது, இதுக்கு பீச் ஸ்டேஷன் எதிர அத்தோ துண்ணுட்டு ஒரு பேஜோ முட்ட போட்டுக்கலாம்"ன்னுட்டாங்க. பர்மாவுலேந்து வந்தவங்க போட்ட கட, எங்களுக்கு நூடுல்ஸ் ஒண்ணும் புதுசு இல்ல.

நம்ம சீரியல் மேலயும் பேசணும்னா, கோலங்கள் 2003-லேந்து 2009 வரைக்கும் 1500 எபிசோடுக்கு மேல ஓடுச்சு, ஒண்ணு விடாம பாத்தவங்க எங்கம்மா. கொரியாக்காரன் 16, 20-ல முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடறான், நல்ல பழக்கம். ஆனா இழுத்தாலும் நம்ம சீரியல்ல பேசுனது நம்ம பேச்சு, அதனாலதான் அடுப்பாங்கரைல இருந்துகினே அத்தினி வருசமும் பாக்க முடிஞ்சுது.

டப்பிங் பண்றவங்க யாராச்சும் உங்க பேப்பர் படிப்பாங்கன்னுதான் எழுதறேன். நேரா கொரியன்லேந்து தமிழுக்குப் பேக்க ஆளு இல்லன்னு சொல்லாதீங்க, 1998-லேந்து இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாய் ஓடுது, கொரியாக்காரங்க குடும்பம் குடும்பமா இந்த ஊர்ல கீறாங்க, இன்கோ சென்டர்ல எத்தினியோ நம்ம புள்ளைங்க கொரியன் கத்துக்குதுங்க. ஜேஜூக்காரிக்கு ராமேஸ்வரத்துப் பேச்சு குடுங்க, அங்க பாசி எடுக்க கடல்ல எறங்கற பொம்பளைங்க கீறாங்க. பூசான்னு கொரியாவுல தெக்க ஒரு ஊரு, அந்த ஊருக்காரனுக்கு திருநெல்வேலியோ மதுரையோ. சங்முன்தோங்குக்கு எங்க பாஷ. குரல் குடுக்க ஆளு வேணும்னா காசிமேடு ஏலம் எடுக்கற எடத்துல காலைல அஞ்சு மணிக்கு போயி நில்லுங்க, தொண்ட எப்படி கீதுன்னு தெரியும்.

இப்ப எங்க நெலம என்னன்னா பொண்ணுக்கு செமஸ்டர் பரிச்ச, இன்னும் ரெண்டு வாரத்துக்கு படிச்சு சொல்ல மாட்டேன்னுட்டா. ரிப்ளை 1988 மொத்தம் 20 எபிசோடு, ஆறு பாக்கி. அந்த நடுப்பொண்ணு யாரக் கட்டிகினாங்கறதுதான் கதையே, பொண்ணுக்கு தெரியும், சொல்லவும் மாட்டேங்கறா. எங்கம்மா பொறுக்க முடியாம "நீயே எதாச்சும் சொல்லிகினு வா, நான் படத்த பாத்துக்கறேன்"ன்னுட்டாங்க. அதனால மூணு நாளா நானே ஹூக் கட்டிகினு அவங்க மூஞ்சிய ஓரக்கண்ணால பாத்து வாய்க்கு வந்தத பேசிகினுகீறேன். நேத்து எங்கம்மா கணக்குப்படி அந்த செஸ்ஸு மாதிரி ஏதோ ஆடறானே ஊமக்கோட்டான், அவனுக்கு சீட்டுப்பணத்துல ஏதோ பிரச்சன. பொண்ணு பரிச்ச முடிச்சுட்டு வந்து கேட்டா என்ன சொல்லப்போறேனோ தெரியல.

இப்படிக்கு,
ஒரு டைலரு, தண்டையார்பேட்டை